பதினாலாம் கரும்பு

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் இறால் பதப்படுத்திய கட்டடத்தின் மாடியில் டெரிக்கின் ஆய்வகம் இருந்தது. இறால் போய்விட்டது. வாடை மட்டும் மழைநாளில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அங்கேதான் வியாசர்பாடி எழில்மொழி மூன்று வருடமாகக் கரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கரும்பு ஒரு பேஜாரு பிடித்த பயிர். நெல்லுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று, வேலை முடிந்தது. கரும்புக்கோ பத்துப் பிரதி, சில சமயம் அதற்கும் மேல். செவ்வழுகல் நோயைத் தாங்கும் மரபணு ஒரு நாற்றில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பத்தில் எத்தனை பிரதியில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் அதுவரை இருந்த சோதனைகள் 'உண்டு', 'இல்லை' என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். எழில்மொழி உண்டாக்கிய மார்க்கர், அதாவது அந்த மரபணுவைத் தேடும் புதுச் சோதனை, எண்ணிச் சொன்னது. ஒரு விரற்கடை இலை போதும். நான்கு பிரதியாவது இருந்தால் நோயைத் தாங்கும், குறைந்தால் தாங்காது. அப்படித்தான் அவள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை மெய்ப்பித்துக் காட்டும் நாளும் வந்து சேர்ந்தது.

கடலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் புதுக் கரும்பு ரகங்களை உருவாக்குகிறவர் ஜெயவேல். அறுபத்தொரு கரும்புக்கு அவரே ஊசி போட்டு நோயை ஏற்றி, எது தாங்கியது, எது உள்ளே சிவந்து புளித்துப்போனது என்று குறித்து வைத்திருந்தார். அதை வெளியே சொல்லாமல் இலைகளை மட்டும் சிறு பொட்டலங்களாக மடித்து, வரிசை மாறாமல் சணல் கயிற்றில் கோத்து, கூடவே எண்கள் எழுதிய பட்டியல் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். பொட்டலத்தின் மேல் எண் கிடையாது. கயிற்றின் வரிசைதான் எண். அவற்றை வாங்கிக் குழாய்களில் போட்டு எண் ஒட்டியவர் ராயபுரத்து லூர்து. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் டேலி கிளார்க்காக நின்று, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவர். அவர் கையில் ஒரு பொட்டலம் தவறியதாக யாரும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து, அன்று காலை ஜெயவேலின் முடிவுத்தாள் மின்னஞ்சலில் வந்தது. எழில்மொழி தன் கணிப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அறுபதில் முப்பத்துநான்குதான் பொருந்தியது. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும்.

டெரிக் நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைத் தொடங்க அவருக்கு ஒரு வருடம் ஆகும், நிறுத்த ஒரு நிமிடம் போதும். நான்கு மணிக்கு ஜெயவேலிடம் பேசிக் கரும்பை முடித்துக்கொள்வோம், நாளையிலிருந்து நெல்லைப் பார் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மூன்று வருடம் போகிறதே என்று எழில்மொழிக்கு வலித்தது. ஆனாலும் மார்க்கர் மீது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஊர் பேர் தெரிந்த கரும்புகளில் நானூறு முறை ஓட்டிப் பார்த்த மார்க்கர் அது. இன்றைக்கு மட்டும் அதற்கு என்ன வந்தது?

இரண்டு தாள்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பினாள். ஜெயவேலின் தாளில் அறுபத்தொரு வரி, அவளுடையதில் அறுபது. கடைசி ஒன்றுக்கு இலை வரவில்லை போலும் என்று காலையில் விட்டுவிட்டிருந்தாள். இப்போது வரிவரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்று பொருந்தியது. இரண்டு, மூன்று, பதிமூன்று வரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. பதினாலில் கவிழ்ந்தது, அதற்கப்புறம் ஒரே குப்பை. கெட்ட மார்க்கர் முதல் வரியிலிருந்தே கெட்டிருக்குமே தவிர, பதிமூன்று வரை ஒழுங்காக நடந்துவிட்டுப் பதினாலில் காலை வாராது.

கத்திரியை எடுத்துத் தன் தாளைப் பதிமூன்றுக்குக் கீழே வெட்டினாள். கீழ்த்துண்டை ஒரு வரி இறக்கி வைத்தாள். அறுபதில் ஐம்பத்தெட்டு பொருந்தியது.

திரும்பி வந்த டெரிக் அதைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். அப்படியே நகர்த்தி அனுப்பிவிடலாமே என்றார். அவள் மறுத்துவிட்டாள்.

"விடையப் பாத்துட்டு நகத்தினா அது காப்பியடிக்கிறது சார். அவரு நம்பமாட்டாரு, நம்பவும் கூடாது. அவரு வாயாலயே வரட்டும்."

நான்கு மணிக்கு ஜெயவேலைத் தொலைபேசியில் பிடித்தார்கள். டெரிக் நலம் விசாரிக்கத் தொடங்குவதற்குள் எழில்மொழி முந்திக்கொண்டாள்.

"சார், ஒரே கேள்வி. பதினாலாவது கரும்போட இலை நீங்க அனுப்பவே இல்ல. சரியா?"

நோய்க்கணக்கு எடுத்த மறுவாரமே அது பட்டுப்போய்விட்டது, இலை பறிக்கும்போது தூர்கூட மிச்சமில்லை என்றார் ஜெயவேல். பிறகு அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்க பண்ணைப் பக்கமே வந்ததில்லையேம்மா. உங்களுக்கு யாரு சொன்னது?"

"பதினஞ்சாவது சொல்லிச்சு சார். பதினாலோட பேர்ல உக்காந்துகினு கீது."

பட்டியலில் பதினாலை அடித்துத்தானே அனுப்பினேன் என்றார் அவர். அடுத்த அறையிலிருந்து லூர்து அந்தப் பட்டியலையும் தன் பதிவேட்டையும் கொண்டுவந்தார். பதினாலின் மேல் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு.

"அடிச்சிதானே கீது," என்றார் லூர்து, ஒன்றும் புரியாமல். "ஹார்பர்ல நம்பர அடிச்சா சரக்கு வந்துட்ச்சுன்னு அர்த்தம். அடிக்காததுதான் வரணும். மத்ததெல்லாம் நான் எண்ணி எண்ணி அடிச்சேன், இத மட்டும் அவங்களே அடிச்சிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

பதினாலும் வந்த சரக்குதான் என்று நம்பி, பதினைந்தாம் கரும்பின் குழாயில் அவர் பதினாலு என்று ஒட்டியிருந்தார். கடைசிவரை அந்த ஒன்று இடறிக்கொண்டே போயிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடத்துப் பெயர் ஒரு கோட்டில் போனதே என்று முகம் செத்துப்போனது. யார் தவறு இது என்று டெரிக் அழுத்தமாகக் கேட்டார்.

எழில்மொழி பதிவேட்டைப் புரட்டினாள். அந்த நாளின் பக்கத்தில் லூர்துவின் குண்டு எழுத்தில் தெளிவாக இருந்தது: 61 ஷார்ட். ஒரு பொட்டலம் குறைகிறது என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே, சரிபார்த்ததாக அவளுடைய கையெழுத்து. தினமும் டீ குடித்துக்கொண்டே பத்துப் பக்கத்துக்குச் சேர்த்துப் போடுவாளே, அந்தக் கையெழுத்து. அவளுக்குக் காது மடல் சுட்டது.

பதிவேட்டை டெரிக் பக்கம் திருப்பி வைத்தாள். "அண்ணன் எழுதிக்கிறாரு சார். படிக்காம கையெழுத்து போட்டது நானு."

ஜெயவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பொருந்தாத இரண்டு என்ன ஆனது என்று கேட்டார். அந்த இரண்டு கரும்புக்கும் திரும்ப ஊசி போட்டுப் பாருங்கள், என் தவறா உங்கள் தவறா என்று பார்த்துவிடலாம் என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்றங்காலில் நானூறு நாற்று நிற்கிறது, இன்னும் ஊசியே போடவில்லை, அடுத்த வாரம் இலை வரும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். நெல்லைப் பற்றி டெரிக் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நானூறு பொட்டலமும் வந்தன. பட்டியலின் தலையில் ஜெயவேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அடித்தது செத்தது.' லூர்து இரண்டு நாள் உட்கார்ந்து எண் ஒட்டினார். மூன்றாம் நாள் பதிவேட்டை எழில்மொழியின் முன்னால் கொண்டுவந்து விரித்தார். அவள் வழக்கம்போல ஒரு கையில் டீயோடு மறு கையை நீட்டினாள்.

லூர்து பேனாவைத் தரவில்லை. சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எதிர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"மொதல்ல படிமா," என்றார்.

அவள் டீயை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.