நாலாயிரம் பேரைப் பாஸ் செய்த கால்

“உனுக்கு வண்டி ஓட்ட வருமா, இல்ல லைசென்ஸ் மட்டும்தான் வருமா?” என்று ரெஜினா அக்கா ஒரு நாள் பிலோமியைக் கேட்டாள்.

கேட்டதில் குத்தல் இருந்தது. குத்தலுக்குக் காரணமும் இருந்தது. ராயபுரத்திலுள்ள ரெஜினாவின் சமையல்கூடத்திலிருந்து தினமும் எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்கு மதியச் சாப்பாடு போகிறது. அதை ஏற்றிப் போகும் குட்டியானை வேனை ஓட்ட இதற்குமுன் இரண்டு பேர் லைசென்ஸை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் முதல் வாரமே சாம்பார் அண்டாவோடு போய் டிரெய்லரின் முதுகில் முட்டினான். இன்னொருவனுக்கு ரிவர்ஸ் எடுக்க வராது என்பது யார்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது ஓட்டும் வில்சன் மாதக் கடைசியில் கப்பல் வேலைக்குப் போகிறான். அந்த இடத்தைத்தான் பிலோமி கேட்டிருந்தாள். பத்தாவதோடு பள்ளியை விட்டவள், ஆள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவள். கேட்டதுகூட, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்துத்தான்.

“ரெண்டும் வரும்க்கா” என்றாள், அதே வெங்காயத்திடம்.

“மாசக் கடைசிக்குள்ள காட்டு. இல்லன்னா இங்கியே உரிச்சிகினு கெட.”

அப்படித்தான் பிலோமி திருவொற்றியூரில் செங்குட்டுவனின் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

அவனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். வெள்ளை ஷூ, மை தடவிய மீசை, வெயில் வருவதற்கு முன்பே மாட்டிவிடும் கறுப்புக் கண்ணாடி. ஊருக்கே தான்தான் சாலை போட்டவன் போல உட்கார்ந்திருப்பான். “என் கையால நாலாயிரம் பேரு பாஸ் ஆயிக்கீறாங்க” என்பான், டீ குடிக்கும்போது ஒரு தரம், குடித்த பிறகு ஒரு தரம். காரைப் பற்றி அவன் கற்றுக்கொடுத்ததைவிடப் பெண்களின் மூளையைப் பற்றிக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

“இன்னாம்மே, ஸ்டீரிங்க கரண்டி மாதிரி புட்ச்சிகினு கீற? இங்க இன்னா ரசமா கலக்குற?”

பின்சீட்டில் முறைக்குக் காத்திருக்கும் ஜஸீமா சிரித்துவிடுவாள். ஜஸீமா எதற்கும் சிரிப்பாள். டெஸ்ட் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ்; அதன்பிறகு வாணியம்பாடியில் மாமியார் வீடு. அண்ணனிடம் ஒரு மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதியில் வந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வால்பிடித்து நின்றன. முன்னால் போனது சட்டென்று நிற்க, பிலோமி பயத்தில் எதையுமே மிதிக்கவில்லை. கிளட்ச் இல்லை, பிரேக் இல்லை, இரண்டு காலும் தரையில். கார் முட்டியிருக்க வேண்டும், அல்லது துள்ளி அணைந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நல்ல பிள்ளையாகப் போய் நின்றது. மாஸ்டரோ போனில் யாருக்கோ வீட்டுமனை விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

பிலோமி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே விட்டாள். மாஸ்டரின் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். ஆபத்துக்கென்று வைத்தவை. அவற்றின்மேல் அந்த வெள்ளை ஷூக்கள் குடியிருந்தன. வலது முழங்கால் ஏறியது, கார் நகர்ந்தது. இறங்கியது, கார் நின்றது. பன்னிரண்டு நாளாக அவள் ஓட்டியதாக நினைத்தது முழுக்க அந்த முழங்கால் ஓட்டியது. திருவிழா ராட்டினத்தில் பொம்மைக் காருக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைச் சுழற்றும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று இறங்கியதும் ஜஸீமாவிடம் சொன்னாள். ஜஸீமாவிடம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வாய் திறக்கும்.

“இப்பதான் தெரியுமா உனுக்கு?” ஜஸீமாவுக்கு அதற்கும் சிரிப்பு. “டெஸ்ட்லயும் அவர்தான்டீ பக்கத்துல குந்துவாரு. இன்ஸ்பெக்டர் பின்னாடி. அவரு கால் பாத்துக்கும். அதுக்குத்தானே எல்லாரும் இங்க வந்து சேர்றது?”

“அப்போ ஓட்டக் கத்துக்க வேணாமா?”

“கார்டு கைல இருக்கட்டும். அங்க போனப்புறம் அவங்க இன்னொரு தபா அனுப்புவாங்களா? ஓட்றது மெதுவா கத்துக்கலாம்.”

பிலோமி, மாஸ்டரின் மேல் இருந்த வெறுப்பில் ஒரு கை அள்ளி ஜஸீமாவின் மேலும் போட்டுக்கொண்டாள். கார்டாம். கார்டை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளலாம்.

மறுநாளிலிருந்து பிலோமியும் சாப்பாட்டு வண்டியில் கூடப் போனாள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது, யார்டுகளுக்குப் பின்னால் போகும் காலிச் சாலையில் வில்சன் ஸ்டீரிங்கை அவளிடம் கொடுத்தான். வில்சனின் பக்கத்தில் பெடல் கிடையாது. ஆகவே சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். முதல் நாள் பதினாறு தடவை வண்டி அணைந்தது.

“தங்கச்சி, அத மிதிக்காத, தடவு! காலால தடவு! ஐயோ மாதாவே, அது இன்னா செஞ்சுது உன்ன?”

பத்தாம் நாள் காலி அண்டாக்கள் சத்தம் போடாமல் வந்தன. ரிவர்ஸில் இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே விட்டாள். வில்சன் சம்மணத்தைப் பிரித்துக் காலை நீட்டினான். அதுவே சர்டிபிகேட்.

டிரைவிங் ஸ்கூல் காரிலோ நிலைமை மோசமானது. அவள் மிதிக்கும் முன்பே மாஸ்டர் மிதித்தான். இரண்டு பேர் காலும் சண்டை போட, கார் விக்கியது. “பாத்தியா, நா இல்லன்னா நீ இன்னேரம் மார்ச்சுவரி” என்றான். காலை எடுங்க மாஸ்டர் என்ற மூன்று வார்த்தை தினமும் அவள் தொண்டை வரை வந்து, அங்கேயே குந்திவிட்டுப் போனது.

டெஸ்ட் நாளன்று மைதானத்தில் செங்குட்டுவனின் ஆட்கள் ஏழு பேர். பிலோமியின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். ஜஸீமா அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, “போடீ, பயப்படாத, கால் கீதுல்ல” என்று கண்ணடித்தாள்.

இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் ஏறிப் போனைப் பார்க்கத் தொடங்கினார். மாஸ்டர் பக்கத்தில் ஏறினான். பெடல்களின் மேல் ஷூக்களை வைத்தான். திரும்பிப் பல்லைக் காட்டினான்.

“சார், இது கொஞ்சம் மந்தம். வாயே தொறக்காது. நா பாத்துக்கறேன் சார்.”

“சார்” என்றாள் பிலோமி. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “மாஸ்டர எறங்கச் சொல்லுங்க. அவரு கால்தான் சார் ஓட்டுது. நான் தனியா ஓட்றேன்.”

அவள் வாழ்நாளில் அந்நியரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. கண்ணாடி இறக்கியிருந்தது. வெளியே நின்ற மற்ற ஸ்கூல்காரர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அத்தனை வருஷமாகத் தெரியாதது போல இருந்த இன்ஸ்பெக்டருக்கு, இப்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மாஸ்டரை இறக்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பெடல்களைப் பார்த்ததும், சாணியை மிதிக்கப் போனவர் போலக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிலோமி ஓட்டினாள். ஒரு தடவை அணைந்தது. பதறாமல் மறுபடி எடுத்தாள். கியர் மாற்றினாள், திரும்பினாள், கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் விட்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பாஸ் என்று எழுதிவிட்டு வெளியே தலையை நீட்டினார்.

“இன்னிக்கு உன் ஆளுங்க எல்லாம் இதே மாதிரிதான். நீ தூரமா போய் நில்லுய்யா.”

நாலாயிரம் பேரைப் பாஸ் செய்த கால் வெயிலில் போய் நின்றது. அதைப் பார்க்க பிலோமிக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது. அடுத்து ஏறிய இன்ஜினியரிங் மாணவன் காரைத் தவளையாக்கினான். பாரி என்ற கடைக்காரர், பெரிய தொந்திக்காரர், கார் ரிப்பேர் என்று சாதித்தார். மீதி ஆறு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஒவ்வொருவர் இறங்கும்போதும் பிலோமி உள்ளுக்குள், வாங்கடா பொம்மைகளா, என்றாள்.

கடைசியாகப் போனவள் ஜஸீமா. கார் ஒரு முழம் துள்ளி அணைந்தது. மறுபடி எடுத்தாள்; மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை சாவியைத் திருகவே அவளுக்குத் தெரியவில்லை.

“அடுத்த வாரம் வாம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன் சார்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

மாஸ்டர் வெயிலிலிருந்து கத்தினான். “அந்த ஊமையக் கேளும்மா! அதான் எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டுச்சு!”

பிலோமி ஜஸீமாவிடம் போனாள். சொல்ல நிறைய இருந்தது. நான்தான் முன்னாடியே சொன்னேனே என்பது ஒன்று. வில்சன் அண்ணன் வண்டியில் ஒரு நாள் உன்னையும் கூட்டிப்போயிருக்கலாம் என்பது இன்னொன்று. அது அப்போதுதான், முதன்முறையாக, அவளுக்குத் தோன்றியது.

ஜஸீமா சிரிக்கவில்லை. பிலோமியின் பையைக் காரின் பானெட்டின்மேல் வைத்தாள். துப்பட்டாவைத் தலையில் சரிசெய்தாள். வாசலில் மோட்டார்பைக்கோடு காத்திருந்த அண்ணனை நோக்கி நடந்து போனாள்.