முந்தாநாள் உபதேசியார்

கல்குழிக்குள் நின்று உபதேசியார் பேசினால், பேசியது மூன்றாம் நாள்தான் கேட்கும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே இடத்தில், அதே தொண்டைச் செருமலோடு வந்து சேரும். ஒரு நிமிஷம் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. குழியை விட்டு மேலே ஏறிவிட்டால் எல்லா மனிதரையும் போல உடனுக்குடன் பேசுவார். குழிக்குள் மற்றவர்கள் பேச்சுக்கும் எந்தத் தாமதமும் இல்லை. இது ஆரம்பித்த வருஷம் மண்ணெண்ணெய் விலை இரண்டு முறை ஏறியது. குழிக்காரர்கள் அதிகம் பேசிக்கொண்டது மண்ணெண்ணெயைப் பற்றித்தான்.

மிஷன் அவரைத் தேர்ந்தெடுத்ததே குரலுக்காக. மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் மூன்று ஊர்களில் ஊழியம் செய்தார், ஒரு ஆள்கூட மனம் மாறவில்லை. முதல் ஊரில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். இரண்டாவது ஊரில் கேட்காமலே சிரித்தார்கள். மூன்றாவது ஊரில் தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய பெரியவருக்குக் காது கேட்காது என்பது நாலாம் வருஷம்தான் தெரிய வந்தது. மிஷன் தலைவரான பெரிய ஐயா அவரைக் கூப்பிட்டு, கல்குழிதான் கடைசி என்றார். ஒரு வருஷம் கழித்து நேரில் வருவேன், ஒரே ஒரு ஆளாவது தன் வாயால் நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலைமை ஆபீஸில் உட்கார்ந்து துண்டுப் பிரசுரம் மடிக்கலாம் என்றார். உபதேசியாரின் மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "டிரங்குப் பெட்டியை இனிமே நான் கட்ட மாட்டேன்." குழிமேட்டில் கிடைத்த ஓட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தப் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை.

குழிக்குள் அதுவரை வெளியாள் யாரும் இறங்கியதில்லை. ஓட்டுக் கேட்பவர்கள் மேட்டில் நின்று கையாட்டிவிட்டுப் போவார்கள். ஜனத்தொகை எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்து, சுமாராக நாற்பது வீடு என்று எழுதிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினால் வெள்ளைத் தூசு, தகரக் கூரைகள், சம்மட்டிச் சத்தம். ஆண்கள் பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைப்பார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வெடிக்காரர் வெடி வைப்பார், அப்போது மட்டும் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை உபதேசியார் கையில் புத்தகத்தோடு இறங்கி, நடுவில் கிடந்த தட்டைக் கல்லின்மேல் ஏறி, பாவத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கினார். அவர் காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. மற்றவர்கள் பார்த்தது வாயை மட்டும் அசைக்கிற ஒரு மெலிந்த மனிதரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜல்லிக்காரி, ஐம்பது வயது, நாக்கு சுத்தியலைவிடக் கனம், நிமிர்ந்து பார்த்துவிட்டு "பாவம்" என்றாள். உபதேசியாருக்குப் புல்லரித்துவிட்டது. ஆமாம், பாவம்தான் என்று பலமாகத் தலையாட்டினார். "காது மட்டும் கேக்குது போல. ரொம்பப் பாவம்" என்றாள் அவள். சுற்றி இருந்த பெண்களும் பாவம், பாவம் என்றார்கள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், முதல் நாளே ஒரு ஜனம் முழுவதும் பாவத்தை உணர்ந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்பு வேலையைக் கவனித்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு தட்டைக் கல்லில் ஆளில்லாமல் குரல் கிளம்பியது. வெடிக்காரர் ஒரு கம்பியை எடுத்து வந்து குரல் வரும் இடத்தைக் குத்திப் பார்த்தார். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சற்றுத் தாமதமாகப் படியிறங்கி வந்த உபதேசியார் தன் பிரசங்கம் தனக்கு முன்பே நடந்துகொண்டிருப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்களோடு ஜனமாகக் கீழே உட்கார்ந்தார். பதினேழு வருஷத்தில் அவர் தன் பிரசங்கத்தைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இருபதாவது நிமிஷத்தில் தூங்கிப்போனார். விழித்தபோது குரல் இன்னும் முடித்திருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் பிரசங்கம் கால் மணி நேரமாகச் சுருங்கியது.

"இது உங்க குரலா?" என்று ஜல்லிக்காரி கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அந்த ஆமாம் சனிக்கிழமை வந்தது, அதற்குள் கேள்வியையே அவள் மறந்திருந்தாள்.

குழி இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வாய் இன்றைக்கு ஒன்றைச் சொல்லும், காதில் முந்தாநாளுடையது விழும், டப்பிங் சரியில்லாத படத்தைப் பார்ப்பது போல இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் அவர் கல்லிடுக்கில் பாம்பைப் பார்த்து அலறியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த அலறலைக் கேட்டு, பாம்பே இல்லாத இடத்திலிருந்து பதினாலு பேர் ஓடினார்கள். இன்னொரு நாள் அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி வந்து கல்லடியில் வைத்தே ஒரு சண்டை போட்டார். அந்த அம்மாளின் பங்கு அன்றைக்கே கேட்டுவிட்டது. உபதேசியாரின் பங்கைக் கேட்பதற்காக மூன்றாம் நாள் வேலையை நிறுத்திவிட்டுக் குழியே கூடியது. வந்தது என்னவோ, "சரிம்மா", பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு "சரிம்மா". கலைந்து போனவர்கள் மனசில் அவர்மேல் ஒரு பிரியம் உண்டானது.

காலையில் வந்ததும் அவர் ஜல்லிக்காரியிடம் டீ கேட்பார். முந்தாநாள் கேட்ட டீக்கான குரல் அந்த நேரத்தில் வரும், அவள் ஊற்றிக் கொடுப்பாள். இன்றைக்குக் கேட்டது நாளை மறுநாள் கணக்கில் போகும். அடியில் ஒரு வாய் டீயை விட்டுவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுப்பது அவர் பழக்கம். சர்க்கரை எல்லாம் அங்கேதான் இருக்கு, அதைக் குடிக்காம வெக்கிறீங்களே என்று அவள் தினமும் திட்டுவாள்.

ஆனால் நம்புகிறவர் ஒருவரும் இல்லை. பிரசங்கம் வரும்போது சுத்தியல் தாளம் தப்பாமல் விழுகிறது என்று பெண்கள் பாராட்டினார்கள், அதற்குமேல் போகவில்லை. உபதேசியார் உள்ளுக்குள் ஒடிந்துபோனார். சனிக்கிழமை பத்து மணியைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அந்த நேரத்தில் பேசுவது திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேட்கும். திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் குழியில் ஆளே இருக்காதே. ஆகவே சனிக்கிழமைகளில் அத்தனை பேர் நடுவிலும் முழங்காலிட்டு, ஆண்டவரிடம் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டினார். பார்க்கிறவர்களுக்கு முந்தாநாள் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும், அவர் கன்னத்தில் மட்டும் தண்ணீர் வழியும். தூசி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வருஷம் முடிந்து பெரிய ஐயா வருகிற நாள் குறிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து. உபதேசியார் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தன் வாழ்நாளின் சிறந்த பிரசங்கத்தைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வாயை மட்டும் ஒத்து அசைப்பதாகத் திட்டம். ஞாயிறு வந்தது. குழிக்காரர்கள் துவைத்த துணியில் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் நேரத்துக்கு வந்து, அற்புதமாக நடந்து, முடிந்தும் போனது. பெரிய ஐயா வரவில்லை. ஜீப் வழியில் படுத்துவிட்டது.

அவர் வந்து சேர்ந்தது திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. பெரிய மனுஷர் வந்திருக்கிறாரே என்று வெடிக்காரர் மரியாதைக்காக வெடியை நிறுத்தி வைத்தார். குழி முழுவதும் தட்டைக் கல்லைச் சுற்றி உட்கார்ந்தது. அப்போதுதான் உபதேசியாருக்கு உறைத்தது. முகம் வெளுத்து, வெடிக்காரரைப் பார்த்துக் கையையும் காலையும் ஆட்டி வாயைத் திறந்து கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. உரக்கப் பாடினார், அதுவும் கேட்கவில்லை. ஒரு காகிதத்தில் 'போய்விடலாம் ஐயா' என்று கிறுக்கி நீட்டினார். பெரிய ஐயா அதைப் பிரசங்கக் குறிப்பு என்று நினைத்து, பிறகு பார்க்கலாமென்று பையில் வைத்துக்கொண்டார். மணி பத்தானது.

"ஆண்டவரே, நாளைக்குப் பெரிய ஐயா வர்றார்" என்று சனிக்கிழமைக் குரல் ஆரம்பித்தது. "அவர் ஜீப் பாதியில நின்னு போகட்டும்னு போன வாரம் கேட்டிருந்தேன். அது தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன், இன்னும் செய்யலேன்னா விட்டுடுங்க."

பெரிய ஐயா தன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.

"இங்க ஒருத்தரும் நம்பலை. சில நாள் எனக்கே நம்பிக்கை வரலை, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது. அது கிடக்கட்டும். வழக்கம்போல வீடு வீடா சொல்றேன், மறந்துடாதீங்க. முதல் வீட்டு ஒத்தைப்பல்லருக்கு ராத்திரி மூச்சு இழுக்குது. வெடிக்காரர் பொண்ணு பேச ஆரம்பிக்கலை, அவர் வெளிய சிரிக்கிறார், உள்ள பயந்து கிடக்கார். மூணாவது வீட்டுக்காரர் என் செருப்பை எடுத்துட்டார். அவரே வெச்சுக்கட்டும், ஆனா அவருக்குக் கால் ஆணி, அந்தச் செருப்பு சேராது, அதைக் கொஞ்சம் பாருங்க."

மூன்றாவது வீட்டுக்காரர் காலை மடக்கி உட்கார்ந்தார். குரல் ஒரு வீட்டையும் விடவில்லை. யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எங்கே வலி, எல்லாம் வரிசையாக வந்தது. தன் வீடு வரும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டும், வந்தபின் மூக்கைத் துடைத்துக்கொண்டும் நாற்பது வீடும் உட்கார்ந்திருந்தது. உபதேசியார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஜல்லிக்கார அக்காவுக்கு இடது கண்ணு தெரியலை ஆண்டவரே. சில்லு தெறிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம மறைக்கிறாங்க. சுத்தியல் ரெண்டு தரம் விரல்ல விழுந்ததை நான் பாத்தேன். அந்தக் கண்ணு வேணும். என் பேச்சை யாரும் கேக்க வேணாம், அவங்க கண்ணு தெரிஞ்சா போதும். அப்புறம் ஒண்ணு, என்னை இங்கிருந்து மாத்திடாதீங்க. இவங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா."

குரல் நின்றது. ஜல்லிக்காரி சுத்தியலைக் கீழே வைத்தாள். இருபது வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் அதைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய ஐயா நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆனாலும் வந்த வேலை வேலைதானே. ஜல்லிக்காரியையே பார்த்து, இவர் சொன்னதில் எதையாவது நம்புகிறாயா அம்மா என்று கேட்டார். ஆண்டவர் இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் எழுந்தார் என்பதையாவது. இந்த இடத்தில்தான் எல்லா ஊரிலும் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். முப்பது வருஷ அனுபவத்தில் அவர் அதற்குத் தயாராகவே இருந்தார்.

"மூணாம் நாள்தானே?" என்றாள் ஜல்லிக்காரி. "அதுல நம்பாம இருக்க என்ன இருக்கு? இங்க நல்லது எதுவும் மூணாம் நாள்தான் வருது. நம்பறேன், எழுதிக்கோங்க. ஐயாவை மட்டும் மாத்தக் கூடாது."

எங்கள் பேரையும்தான் சொன்னாரே, எங்களையும் எழுதுங்கள் என்று மற்றவர்கள் முண்டினார்கள். செருப்புக்காரர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். எழுதி எழுதிப் பெரிய ஐயாவின் பேனாவில் மை தீர்ந்தது. அன்று சாயங்காலம் உபதேசியாரின் மனைவி பெட்டியைப் பிரித்தார். அடியில் மூன்று ஊராகப் பிரிக்காமல் கிடந்த கல்யாணப் போர்வை ஒன்று இருந்தது, கொஞ்சம் பூச்சி அரித்திருந்தது. புதன்கிழமை பத்து மணிக்குச் சற்று முன்னால் "வெடி வைங்க, தயவுசெஞ்சு வெடி வைங்க" என்று குரல் கதறியபோது குழியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த வாரம் ஜல்லிக்காரியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஜீப் வந்தது. இந்தத் தடவை வழியில் நிற்கவில்லை. முக்கால் பார்வை திரும்பியது.

அதன்பின் உபதேசியார் பதினோரு வருஷம் அந்தக் குழியில் முந்தாநாள் பேச்சே பேசிக்கொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல இறங்கி வந்து, ஏதோ வாயசைத்து, டீ குடித்து, தட்டைக் கல்லில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை குழிமேட்டில் அடக்கம் செய்தார்கள். எல்லோரும் அழுதார்கள், ஜல்லிக்காரி சத்தமாகவே அழுதாள்.

வியாழக்கிழமை எல்லோரும் வேலைக்கு இறங்கினார்கள். மண்ணெண்ணெய் விலை மறுபடி ஏறியிருந்தது, அதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வருகிற நேரத்துக்குத் தட்டைக் கல் பக்கத்திலிருந்து தொண்டைச் செருமல் கேட்டது. "அக்கா, கொஞ்சம் டீ கிடைக்குமா?"

ஜல்லிக்காரி எழுந்து போய் அவருடைய கிளாஸில் டீயை ஊற்றிக் கல்மேல் வைத்தாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்து சுத்தியலை எடுத்தாள். மத்தியானம் கழுவுவதற்காகப் போய் எடுத்தபோது, கிளாஸின் அடியில் ஒரு வாய் டீ மீதி இருந்தது. சர்க்கரை எல்லாம் அங்கேதான் இருக்கு என்று திட்டிக்கொண்டே அதைக் கொட்டிக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.