ஆறாவது வரி

எங்கள் சபையில் வாராவாரம் ஜெபக்குறிப்புத் தாள் அச்சாகும். செயலாளர் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்பவன் நான். ஏழு வருடங்களாக அதில் ஆறாவது வரி மாறவில்லை: "செயலாளர் தம்பதியருக்குக் கர்ப்பத்தின் கனி கிடைக்க." குறிப்பைக் கொடுத்தவள் என் அக்கா. ஜெபம் கேட்கப்பட்டால்தான் ஒரு வரியை நீக்குவோம். அல்லது கொடுத்தவரே திரும்பப் பெற வேண்டும். அக்கா கொடுத்த எதையும் திரும்பப் பெறுகிற ஆள் இல்லை, புத்திமதி உட்பட.

பிள்ளை வேண்டாம் என்பது நானும் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த சங்கதி. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் நான்தான். கேட்பவர்களிடம் "கர்த்தருடைய சித்தம்" என்பேன். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது.

ஒரு வியாழக்கிழமை மாலை, மனைவி பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"இந்த வாரமும் ஆறாவது நான்தானா?"

"நாம."

"ஞாயிறு பள்ளியில முப்பது வாண்டுகளைக் கட்டி மேய்க்கிறேன். போன வாரம் அதுல ஒண்ணு கேக்குது, 'டீச்சர், நீங்க என்ன தப்பு பண்ணீங்க'ன்னு. இனி அந்த வரி இருந்தா நான் சபைக்கு வரலை. நீங்க தனியாப் போயிட்டு வாங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். வரியை எடுத்துவிட்டேன். மற்ற எண்களைக் கலைக்க மனம் வராமல் ஆறுக்கு நேரே வெற்றிடம் விட்டேன்.

வரி நீங்கினால் சபையார் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ஞாயிறன்று பாடகர் குழு அம்மா ஒருவர், தலையணை வைத்த நாற்காலி ஒன்றை மனைவிக்குப் போட்டார். போதகர் என் கையைக் குலுக்கினார். அக்கா கண்ணில் நீர் நிறைய ஓடி வந்தாள்.

"எத்தனாவது மாசம்மா?"

"எந்த மாசமும் இல்ல அண்ணி. எங்களுக்குப் பிள்ளை வேணாம். எப்பவுமே வேணாம்னுதான் இருந்தோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். ஏழு வருடத்தில் நான் கொடுத்த முதல் நேரான பதில் அது. அதையும் வாயால் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை தவறாம உபவாசம் இருந்தேனேடா, படுபாவி! பலுகிப் பெருகச் சொல்லி வேதத்துலயே இருக்கே. அது என்ன, விருப்பப்பாடமா?"

போதகர் அங்கிருந்து நைசாக நழுவினார்.

"அது உலகத்துல ரெண்டே பேர் இருந்தப்போ சொன்னது அண்ணி," என்றாள் மனைவி. "இப்ப வாசல்ல வண்டி நிறுத்தவே இடமில்ல. அப்போஸ்தலர் பவுலுக்குப் பிள்ளை ஏது?"

"பவுலுக்கு அக்கா இருந்தா, தெரியுமா? அவரைக் கொல்லச் சதி பண்ணினப்போ ஓடி வந்து சொன்னது யாரு? அக்கா பெத்த பையன்!"

தான் சொன்னது அப்புறம்தான் அவள் காதிலேயே விழுந்தது.

"அப்ப எங்களுக்கும் ஆள் இருக்கு," என்றாள் மனைவி.

"எனக்கு ரெண்டும் பொண்ணு."

"பொண்ணு ஓடாதா அண்ணி?"

அக்கா அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணையைத் தன் முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வியாழன் ஜெபப்பெட்டியில் அவள் கையெழுத்தில் சீட்டு கிடந்தது: "என் மகள்கள் தங்கள் மாமாவையும் அத்தையையும் கடைசிவரை பார்த்துக்கொள்ளவும், மாமாவின் வாய் திறக்கப்படவும்."

ஆறுக்கு நேரே அதைத் தட்டச்சு செய்தேன். மனைவி படித்துப் பார்த்தாள்.

"ரெண்டாவதுக்கு நானும் ஜெபிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, ஞாயிறு பள்ளிக்கான வண்ணப் பென்சில்களைச் சீவ உட்கார்ந்தாள்.