ஒரு லாரி சேறு

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்வது இயந்திரம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. இயந்திரம் காற்றை ஊதுவதோடு சரி. மற்ற வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுடையது. பழுப்புச் சேறாகத் தொட்டியில் மிதந்துகொண்டு, ஊர் கழித்துவிட்டதையெல்லாம் தின்று தீர்த்து, தண்ணீரை ஆற்றில் விடும் தகுதிக்குக் கொண்டுவருவது அவைதான். விடுமுறை கிடையாது, ஒரு நன்றிகூடக் கிடையாது.

அந்தப் பூச்சிகளைத்தான் நிலையத்தின் பொறுப்பாளரே கொன்றுவிட்டாள்.

வேண்டுமென்றா செய்தாள்? கழிவு லாரி வந்தால், இறக்குவதற்கு முன் ஒரு பாட்டில் பிடித்து முகர்ந்து பார்ப்பது வழக்கம். அன்று அவளுக்கு மூக்கடைப்பு. தெரிந்த டிரைவர்தானே என்று கையை அசைத்து உள்ளே விட்டுவிட்டாள். அவன் ஏதோ பட்டறை அமிலத்தையும் சேர்த்து ஏற்றி வந்திருந்தான். மறுநாள் தொட்டி சாம்பல் நிறமாகி நுரை கட்டியது. நுண்ணோக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தாள். ஓர் அசைவுகூட இல்லை.

விஷத் தண்ணீரைத் தனியே ஒதுக்கித் தொட்டியைக் கழுவினாள். ஆற்று மதகைப் பூட்டினாள். வரும் கழிவைப் பழைய குளத்துக்குத் திருப்பினாள். குளம் பத்து நாள் தாங்கும். பூச்சிகள் தாமாகப் பெருக மூன்று வாரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்றினால் நாலே நாளில் தொட்டி எழுந்துவிடும். இல்லையென்றால் மதகைத் திறந்து அத்தனையையும் ஆற்றில் விடவேண்டியதுதான்.

சேறு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் இருக்கும் நிலையம். அங்கே பொறுப்பாளர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

இருவரும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. இந்த வேலைக்கு இருவருமே விண்ணப்பித்து, அது தங்கைக்குக் கிடைத்தது. "ஆறே மாசத்துல தொட்டியைச் சாகடிச்சிடுவா" என்று அண்ணன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். இப்போது அந்த மனிதரிடமே போய், ஆமாம், சாகடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து நாள் வீம்பு பிடித்தாள். ஆறாம் நாள் காலை, இனி தாமதித்தால் சேறு வந்தும் பயனில்லை என்ற நிலையில் போனை எடுத்தாள்.

"அண்ணா, நான்தான்."

மூச்சு விடாமல் மீதியையும் சொல்லிவிட்டாள்.

"தொட்டி செத்துப்போச்சுண்ணா. என் தப்புதான். கொஞ்சம் சேறு வேணும்."

"எத்தனை லாரி?" என்றார் அண்ணன்.

லாரியை அனுப்பியிருந்தால் போதும். அவரே கிளம்பி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. குழாயை யாரிடமும் தராமல் தானே பிடித்துக்கொண்டார். இரண்டு லாரி இறக்கிய பிறகு ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"வந்து பாரு பாப்பா. நெளியுது."

நாற்பது வயதுப் பாப்பா குனிந்து பார்த்து, அப்படியே அழுதுவிட்டாள்.

"சொல்லிக்காட்டணும்னா சொல்லிக்காட்டிடுண்ணா" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?" அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி என் தொட்டியும் செத்துச்சு. உன்கிட்டப் போய்க் கேக்குறதான்னு, மதகைத் திறந்துவிட்டுட்டேன்."

அவளுக்கு அந்தக் கோடை நினைவுக்கு வந்தது. மூன்று நாள், வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மீன்கள் மிதந்து வந்தன. முழங்கால் தண்ணீரில் நின்று கூடை கூடையாக அள்ளியவள் அவள். இதைச் செய்தவன் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டுத் திட்டியவளும் அவள்தான்.

கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் இந்த ஐந்து நாளில், யாரும் பார்க்காத நேரமாக அவளும் இரண்டு தடவை சாவியோடு மதகு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள்.

"இன்னொரு தடவை செத்துச்சுன்னா போன் பண்ணுண்ணா" என்றாள். "வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனா லாரியோட வந்துடுவேன்."

அண்ணன் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.