ஐந்தில் நடந்த கல்யாணம்

ஈரோட்டு மஞ்சள் மண்டியின் சர்வரில் பிஹெச்பி என்ற கணினி மொழி மூன்று பேராகக் குடியிருந்தது. ஐந்தாம் வெர்ஷன், ஏழாம் வெர்ஷன், எட்டாம் வெர்ஷன். மூவருக்கும் ஒரே முகம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று மூவரும் சொல்வார்கள். இருப்பது ஒரே அறைதான்.

வாசலில் சென்னிமலை உட்கார்ந்திருப்பார். வருகிறவர் எந்த இணையதளம் வேண்டும் என்று சொன்னால், அது யார் பொறுப்பு என்று பார்த்து உள்ளே கைகாட்டுவது அவர் வேலை. மஞ்சள் ஏலத் தளம் என்றால் எட்டு. லாரி வாடகைத் தளம் என்றால் ஏழு. பழைய தளங்கள் எல்லாம் ஐந்து. ஆளை மாற்றி அனுப்பினால் வந்தவர் வெள்ளைத் தாளாகிவிடுவார். பெருந்துறைக்காரர் ஒருவர் அப்படித்தான் ஆனார். மடித்து அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினார்கள். அந்த அம்மாள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தரமான தாள் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

முதலாளி நாச்சிமுத்து பருத்திப்பால் குடித்துக்கொண்டே வந்தார்.

"சென்னிமலை, அஞ்சை இன்னைக்குக் காலி பண்ணீருங்."

"ஏனுங்?"

"வயசாயிருச்சு. வைத்தியம் பாத்தவிங்களே கைய உட்டுட்டாங்க. பூட்டுனாலும் திருடன் உள்ள வந்தர்றான். எல்லாத்தையும் எட்டுகிட்ட தள்ளுங்."

சென்னிமலை எழுந்து நின்றார். அவருடைய கல்யாணம் ஐந்தில் நடந்தது. மனைவி சம்பூரணம் இன்றுவரை ஐந்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஐந்து போனால் அவள் வெள்ளைத் தாள்.

"என்ற சம்சாரம் அதுல இருக்கறாளுங்க."

"எட்டுகிட்ட பேசிப் பாருங். நல்ல ஆளுதான். என்ன, கொஞ்சம் கறார்."

எட்டிடம் பேசுவதென்றால் துண்டு போட்டுத்தான் பேச வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வதுதான். கை இரண்டும் துண்டுக்கடியில் போய்விடும். விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து இதில் தாராளம். விரல் கொடுக்க மறந்துபோய் வெறுங்கையை நீட்டினாலும், ஏதோ ஒன்றென்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் முனகிவிட்டு, வியாபாரத்தை முடித்துவிடுவார்.

எட்டு புதுத் துண்டை விரித்தார். கஞ்சி போட்டது.

"என்ன சரக்கு?"

"சம்சாரமுங்க."

"எண்ணா, எழுத்தா?"

சென்னிமலை யோசித்தார். "எழுத்துன்னு போட்டுக்குங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறா."

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டாங்களா?"

"அவுங்கப்பாரு கேட்டாருங்க."

"பதிலக் குடுங்க."

சென்னிமலை துண்டுக்கடியில் கையை நீட்டினார். எட்டு தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"வெறுங்கைங்க இது."

"ஒண்ணும் சொல்லாம நின்னா. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். ஊரே அப்படித்தானுங்க எடுத்துக்கும்."

"அஞ்சு எடுத்துக்குவாரு. எனக்குச் சொல்லாதது சொல்லாததுதான். கேட்டுட்டு வாங்க."

வீட்டுக்கு ஐந்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நடக்க நடக்க அறை நீண்டது. ஐந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவ சம்மதிச்சாளா?" என்று கேட்டார் சென்னிமலை.

"அதெதுக்குங்க நமக்கு?" என்றார் ஐந்து. "ஓடுச்சில்ல?"

சம்பூரணம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தானை ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எதுக்குங்க ஆமா?"

"என்னக் கட்டிக்கச் சம்மதமான்னு கேக்கறாங்க."

அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "இதென்ன புதுசா?"

"சொல்லாட்டி நீ தாளாயிருவ."

"நானே வந்து சொல்லிக்கறேன். உங்க கையில குடுத்தனுப்புனா வழியில விலை மாறிரும்."

அவள் எட்டின் எதிரே உட்கார்ந்து கையைத் துண்டுக்கடியில் விட்டாள். சென்னிமலை இதுவரை துண்டுக்கு வெளியே நின்றதில்லை. துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி நெடுநேரம் அசைந்தது. ஒரு வார்த்தைக்கு இத்தனை விரலா என்று நினைத்தார்.

எட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "தெளிவான பதிலுங்க. ஒரு பிழை இல்லை."

"ஆமாதானுங்களே?"

"இல்லைன்னுட்டாங்க."

"இல்லைன்னா எப்படிங்க ஓடும்?"

"இல்லைங்கறதும் பதில்தானுங்க. ஜோரா ஓடும்."

சம்பூரணத்தின் சேலைக்கு அரக்கு நிறம் திரும்பியது. அவளுக்கென்று உள்ளே ஒரு வீடு திறந்தது. ஐந்தில் எந்தக் கதவும் இவ்வளவு வேகமாகத் திறந்ததில்லை. அவள் செருப்பை வெளியே விடாமல் நுழைந்தாள். பின்னாலேயே போன சென்னிமலையை எட்டு தடுத்தார்.

"உங்க பதிலு?"

மாப்பிள்ளையை யாரும் கேட்டிருக்கவில்லை. சென்னிமலை துண்டுக்கடியில் எல்லா விரலையும் கொடுத்தார்.

"ஆமாங்க."

"பிழையில்லை," என்றார் எட்டு. "உங்களுது அடுத்த கதவு."

அடுத்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. விளக்கு எரிந்தது. விரித்த இலையில் சோறு இருந்தது. பரிமாற ஆள் இல்லை. இலை முன்னால் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சம்பூரணம் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தாள். இறங்கியே வரவில்லை. இத்தனை நன்றாகப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது.