கண்ணை மூடிச் சொன்னது

பெமிலா ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த கட்டஞ்சாயா வற்றிப்போகும் என்று குழுவில் கேலி உண்டு. மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்த சனிக்கிழமை ஜெபக்குழு அது. வாரம் ஒரு வீட்டில் பாட்டு, வசனம், ஜெபம். பாடிவிட்டுக் கலைகிற கூட்டமும் இல்லை. இடுப்பு ஒடிந்து கிடந்த பெரியவர் ஒருவருக்கு எட்டு மாதம் முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோனவர்கள். முறையை எழுதி ஒட்டியவள் பெமிலாதான். நல்ல மனுஷி. ஆனால் நல்ல மனுஷிக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய!

குழுவில் இருக்கும் ரெஜிலா ஒரு நாள் சர்ச் முற்றத்தில் அவள் கையைப் பிடித்து அழுதாள். மகன் ஷிஜினுக்கு இருபத்தேழு வயது. தன் கழுத்து மாலையை அவன் விற்றுக் குடித்தது வரை சொன்னாள். இப்போது குடியை விட்டு நாற்பது நாள்.

“நீங்க மட்டும் ஜெபியுங்க அக்கா. ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. சுயம்புராஜ் அண்ணன் கடையில இப்பதான் வேலைக்கு நிக்கான். அவருக்குத் தெரிஞ்சா தீந்துது.”

“எனக்க வாயில இருந்து வராது பிள்ளே. நீ தைரியமா போ,” என்றாள் பெமிலா.

சுயம்புராஜும் அதே குழுதான். ஜங்ஷனில் பெயின்ட் கடை. குடிகாரன் நிழல்கூடக் கடையில் விழக்கூடாது என்பார். பெமிலா தன் புருஷனிடம்கூட மூச்சுவிடவில்லை. தினமும் விடிகாலையில் முழங்கால் போட்டு அந்தப் பையனுக்காக அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை ரெஜிலா வீட்டு முறை. ஷிஜின் தானாகவே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாய் விரித்து, எல்லோருக்கும் பாட்டுப்புத்தகம் எடுத்துக் கொடுத்தான். கூடச் சேர்ந்து பாடினான். பெமிலாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசி ஜெபம் அவளுடையது. கண்ணை மூடிவிட்டால் அவளுக்கு எதிரே ஆண்டவர் மட்டும்தான். பக்கத்தில் இருக்கிறவர்கள் எங்கோ போய்விடுவார்கள்.

“ஆண்டவரே, தாயின் மாலையை விற்றுக் குடித்த இந்த மகன் ஷிஜினைத் தூக்கி எடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்! இத்தனை நாளும் குடியைத் தொடாமல் காத்தீரே...”

வழக்கமாக இடையிடையே ஆமென் விழும். ஒன்றும் விழவில்லை. பெமிலா கண்ணைத் திறந்தாள். ஷிஜின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜிலா முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள். சுயம்புராஜ் மட்டும் கண்ணை இறுக மூடியபடியே இருந்தார்.

திங்கட்கிழமை அவர் கோபப்படவெல்லாம் இல்லை. “கச்சவடம் மோசம் மக்கா, யாவாரமே இல்ல. பொறவு சொல்லி அனுப்புதேன்,” என்று ஷிஜினை வீட்டுக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை அவன் குடித்தான்.

பெமிலா கடைக்கு ஓடி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். “அவனுக்காக நான் ஜெபிக்கேன் பெமிலா. கடையில வைக்க முடியாது,” என்றார் சுயம்புராஜ். பாவி மனுஷி, தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் ரெஜிலா வீட்டுக்குப் போனாள். உள்ளறையில் ஷிஜின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“என்னை மன்னிச்சிரு மக்கா. உனக்கு நல்லது வரணும்னுதான்...”

அவன் திரும்பவில்லை. “எனக்க காரியத்த தினமும் ஆண்டவர்கிட்டச் சொன்னியளாம் பெரியம்மே. எனக்கிட்ட ஒரு நாளாவது பேசினியளா?”

இல்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடை வழியாக எத்தனை தடவை போயிருக்கிறாள்!

பெமிலா எழுந்தாள். குழுவில் யாரும் ஒரு வீட்டில் ஜெபிக்காமல் படி இறங்குவதில்லை. பழக்கதோஷம், கை தானாகச் சேலைத்தலைப்பை எடுத்துத் தலையில் போட்டது.

“சின்னதா ஒரு ஜெபம்...”

ரெஜிலா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை.

“வேண்டாம் அக்கா. அவன் முழிச்சுதான் கிடக்கான்.”