உள்ளிருந்து உடைந்த கண்ணாடி

ஜன்னல் கண்ணாடியை வெளியிலிருந்து அடித்தால் சில்லு வீட்டுக்குள் விழும். உள்ளிருந்து அடித்தால் தெருவில் விழும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணம் சொல்லித் தந்தது.

அவன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். தடுப்புக்குப் பின்னாலிருந்து, “பார்த்துப் போங்கம்மா, படி வழுக்கும்” என்று அவன் சொல்லும் குரலில்தான் அவள் மயங்கினாள். அந்தக் குரலோடு மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று கனவு கண்டாள். ஊருக்கு எலி, வீட்டுக்குப் புலி என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. சட்டையில் சுருக்கம் இருந்ததற்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வீசினான். அவள் குனிந்துகொண்டாள். ஜன்னல் குனியவில்லை.

“என்னம்மா சத்தம்?” என்று கீழே நின்று கேட்டாள் எதிர்வீட்டு டீச்சர்.

“காத்துல கதவு அடிச்சிடுச்சுக்கா.”

அதிலிருந்து அவளுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. முதலில் தெருவைக் கூட்டுவாள். பிறகு உதட்டு ரத்தத்தைத் துடைப்பாள். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போவாள்.

“உங்க வீட்டுக்கு மட்டும் புயல் தனியா வருதா தங்கச்சி?” என்று சிரிப்பார் கடைக்காரர். ஒருநாள் அவள் கன்னத்தைப் பார்த்தார். அதன்பின் அந்தக் கேலியை விட்டுவிட்டு, கண்ணாடி அறுக்கும் பேனாவை அவள் கையில் கொடுத்தார். ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும், தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். வீட்டில் தயங்கித் தயங்கியே நடந்தவள் கடையில் தயங்காமல் அறுத்தாள். கொஞ்ச நாளில் வெளிவேலைக்கும் போனாள். வீட்டுக் கண்ணாடியை மாட்ட வெளியாள் வரவேண்டாம் என்று அவனும் விட்டுவிட்டான்.

பச்சைக் கேட் போட்ட வீட்டுக்கு அப்படித்தான் போனாள். கதவைத் திறந்தவள் புதுப்பெண். கையில் துண்டைச் சுற்றியிருந்தாள். துண்டு நனைந்து சிவந்திருந்தது.

“காத்துல அடிச்சிடுச்சு” என்றாள் அந்தப் பெண்.

சில்லெல்லாம் தெருவில் கிடந்தன.

அவள் அளவெடுத்தாள். அறுத்தாள். சட்டத்தில் வைத்து ஆணி அடித்தாள். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, உள்ளதிலேயே பெரிய உதவியைச் செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

“இனிமே வெளிய கிடக்கிறத முதல்ல கூட்டிடு. யாருக்கும் தெரியாது.”

அந்தப் பெண் தலையாட்டினாள்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு மதியம் கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தப் பச்சைக் கேட்டு வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குதாம். தாடையும் விலாவும் உடைஞ்சிருக்கு. மூக்கால ரத்தம் நிக்கவே இல்லையாம். பக்கத்துல யாருக்கும் ஒண்ணுமே தெரியலையாம் தங்கச்சி. ஜன்னலெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சாம்.”

அவள் கையிலிருந்த கண்ணாடி கோணலாகப் பிளந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்டான்.

“எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா? எவன்கூடப் பேசிட்டு வர?”

அவள் பையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி எறிந்தான். அது அவள் காதை உரசிப் போய் ஜன்னலைப் பிளந்தது. சில்லுகள் தெருவில் சலசலவென்று விழுந்தன. அவன் குரல் உடனே இறங்கியது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது.

“போ. கூட்டு. இருட்டறதுக்குள்ள புதுசு மாட்டிடு.”

“மாட்டமாட்டேன்.”

அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். உள்ளே சிதறியிருந்த ஒரு சில்லு உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. அடியெல்லாம் பழகியதுதான். சத்தம்தான் புதிது. அவள் முனகல் ஜன்னல் ஓட்டை வழியாகத் தெருவுக்குப் போனது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் வைத்து அடைத்தது தான் மாட்டிய கண்ணாடிதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கீழே டீச்சரின் குரல் கேட்டது.

“என்னாச்சு? காத்தா?”

அவன் அவளை முந்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். அவனுக்கு அந்த டிக்கெட் கவுண்டர் குரல் வந்துவிட்டது. “ஒண்ணுமில்ல டீச்சர், காத்துதான். பார்த்துப் போங்க, கண்ணாடி கிடக்கு.”

“ஒரு இலைகூட அசையலையேப்பா!”

அவள் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். ரத்தம் சட்டத்தில் வழிந்து வெளிப்பக்கம் இறங்கியது. அவன் அவள் கழுத்தில் கைவைத்தான். தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை அழுத்தவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றான்.

“காத்து இல்லக்கா” என்றாள் அவள். உடைந்த உதட்டில் வார்த்தை நசுங்கியது. அதனால் மறுபடியும் உரக்கச் சொன்னாள். “காத்து இல்ல. இவரு. முதல் நாள்லேர்ந்தே இவருதான்.”

கழுத்திலிருந்த கை தானாக நழுவியது. படிக்கட்டில் யார் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அவன் சட்டையைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தான், பொத்தான் பிடிபடவில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து, வருபவர்களுக்கு வழிவிட்டு, கீழே இறங்கினாள். தெருவில் சுத்தியல் கிடந்தது, எடுத்துக்கொண்டாள். டீச்சர் எங்கிருந்தோ துடைப்பத்தோடு வந்தாள்.

“வேணாம்க்கா, அப்படியே கிடக்கட்டும்” என்றாள் அவள். “கையில கட்டுப் போடணும். ஆஸ்பத்திரிக்கு வரீங்களா? அங்க ஒரு பொண்ணையும் பார்க்கணும்.”